வெர்சாய் தோட்டம்: மன்னர் வகுத்த பார்வை

பாரிஸ் நகருக்குத் தென்மேற்கே உள்ள வெர்சாய் அரண்மனைக்குச் செல்வோரில் பலர், 357 கண்ணாடிகள் பதித்த ஆடி மண்டபத்திலேயே பொழுதைக் கழித்துவிட்டு, தோட்டத்தைச் சாளரத்தின் வழியே நோக்கியதோடு திரும்பிவிடுகின்றனர். ஆனால் பதினான்காம் லூயி மன்னரின் ஆணைப்படி 1661 முதல் ஆந்த்ரே லெ நோத்ர் உருவாக்கிய அத்தோட்டமே அங்குள்ள கலைப்படைப்புகளுள் தலையாயது எனத் துணிந்து கூறலாம்.

அதனைக் காணும் முறையை மன்னரே எழுதிவைத்தார். 1689-க்கும் 1705-க்கும் இடையே பலமுறை திருத்தப்பட்ட அக்கையேட்டில் வருணனை அரிது. எவ்விடத்தில் நிற்க வேண்டும், எப்பக்கம் திரும்ப வேண்டும் என்னும் ஏவல்களே மிகுதி. விருந்தினரின் கண்களையும் ஆள நினைத்த மன்னரின் இயல்பு அதில் வெளிப்படுகிறது என்றாலும், பார்வையாளர்கள் இன்றும் பின்பற்றத்தக்க வழி அதுவே.

அரண்மனையை ஒட்டி, மேலிருந்து காண்பதற்கென்றே தாழ்ந்த செடிவேலிகளால் கோலமிட்டாற்போல் வரைந்த சமதளப் பாத்திகள் உள்ளன. பார்ட்டேர் என்பது அவற்றின் பெயர். அவற்றுக்கு அப்பால், நீரூற்றுகளையும் சிலைகளையும் உள்ளே மறைத்துவைத்த போஸ்கே என்னும் மரக்கூடங்கள் அமைந்துள்ளன. அரண்மனையை ஒட்டிய மேடையில் நிற்பவருக்கு லத்தோனா நீரூற்று, 335 மீட்டர் நீளப் புல்வெளிப் பாதை, அப்பல்லோ தடாகம், பெருங்கால்வாய் ஆகிய யாவும் ஒரே நேர்கோட்டில் நெருங்கித் தோன்றுகின்றன. நிலச்சரிவையும் தொலைவுக்கேற்ற அளவுகளையும் கணித்து லெ நோத்ர் செய்த இக்கண்மாயம், நடக்கத் தொடங்கிய பின்னரே, கால்வாய் விலகிச் செல்வது போலத் தோன்றும்போது, புலனாகிறது.

தோட்டத்தின் குறை நீரே. மேட்டுநிலமாகிய வெர்சாய்க்கு செய்ன் ஆற்று நீரை ஏற்ற 14 பெருஞ்சக்கரங்கள் கொண்ட மார்லி எந்திரம் 1684-இல் இயங்கத் தொடங்கியும் தட்டுப்பாடு தீரவில்லை. யூர் ஆற்றைத் திருப்பும் கால்வாய்ப் பணியில் படைவீரர் பலர் நோயால் மாண்டனர். 1688-இல் போர் மூண்டதும் அம்முயற்சி நின்றது. ஆகவே மன்னர் அணுகும்போது ஊதல் ஒலியால் குறிப்புணர்த்தி, அவர் அருகிலுள்ள ஊற்றுகளை மட்டும் திறந்து, அவர் கடந்ததும் பணியாளர் மூடினர். செல்வச் செழிப்பின் காட்சியாகப் புகழப்பட்டது, சிக்கனத்தின் சாமர்த்தியத்தால் நடந்தேறியது!

இன்றைய மரங்கள் பதினான்காம் லூயியின் காலத்தவையல்ல. பதினாறாம் லூயி 1770-களில் மறுநடவு செய்தார், 1999 டிசம்பர்ப் புயல் பல்லாயிரம் மரங்களைச் சாய்த்தது. நிலைத்திருப்பவை கோடுகளும் தளமட்டங்களுமே. எனவே, குறித்த நாள்களில் மட்டும் பாயும் நீரூற்றுகள் அடங்கியிருக்கும் நாளில் செல்வோர்க்கு ஏமாற்றம் வேண்டியதில்லை. லெ நோத்ரின் வடிவமைப்பைக் கவனச் சிதறலின்றி ஆராய்வதற்கு அந்நாள்களே ஏற்றவை.