வெளிநாடு போனவருக்குச் சட்ட உதவி: வீட்டிலிருந்தே தொடங்குவோம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் சட்ட விழிப்புணர்வுத் துணைக்குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

நம் குழுக்களில் உள்கடன் கேட்டு வரும் மனுக்களில் "வீட்டுக்காரரை வெளிநாடு அனுப்ப", "மகன் விசாவுக்கு" என்று எழுதி வருவது புதுசு இல்லை. கறவை மாட்டுக்குக் கடன் கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? ரெண்டு பேர் போய் மாட்டைப் பார்க்கிறோம். பல்லைப் பார்க்கிறோம். இன்சூரன்ஸ் போட்டாச்சா, காதில் வில்லை இருக்கான்னு கேட்கிறோம். ஒரு மனுஷனைக் கடல் தாண்டி அனுப்பக் கடன் கொடுக்கும்போது மட்டும் ஒரு காகிதமும் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம்.

வெளிநாடு போனவர் அந்த நாட்டுக்கு அந்நியர். சம்பளம் வரவில்லை, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள், போலீஸ் பிடித்துவிட்டது என்றால் அங்கே உள்ள சட்டப்படிதான் எல்லாம் நடக்கும். அதனால் நாதியே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அந்த நாட்டுத் தொழிலாளர் துறை இருக்கிறது, அங்கே நம் இந்தியத் தூதரகம் இருக்கிறது, இங்கே நம் சட்டங்களும் இருக்கின்றன. இந்த மூன்று இடத்திலும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: காகிதம் எங்கே?

சென்ற வருஷம் ஒரு குழு உறுப்பினர் நம்மிடம் வந்தார். அவர் வீட்டுக்காரர் சவூதியில் ஏழு மாதம் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்திருக்கிறார். எந்தக் கம்பெனி என்று கேட்டோம். "பைப் கம்பெனி" என்றார். எந்த ஊர்? தெரியாது. பாஸ்போர்ட் நம்பர்? தெரியாது. ஒரு செல்போன் நம்பர் மட்டும்தான் கையில் இருந்தது, அதுவும் கூட வேலை பார்க்கிறவருடையது. மனு எழுதக்கூட முடியாமல் மூன்று வாரம் போச்சு. கடைசியில் கொழுந்தனார் போனில் விசா நகல் ஒன்று கிடைத்த பிறகுதான் தூதரகத்துக்கு மனு போனது. அந்த மூன்று வாரம் அந்தக் குடும்பம் பட்ட பாடு நம் குழுவுக்கே தெரியும்.

இப்போது ஏஜெண்ட் விஷயத்துக்கு வருவோம். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜெண்ட்தான் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பலாம். பதிவு எண் இருக்கிறதா என்று அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். நம் கூட்டமைப்புக் கணக்காளரே பார்த்துச் சொல்லிவிடுவார். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம், ரசீது தர வேண்டும். ஊருக்குள் வருகிறவரோ பெரும்பாலும் சப்-ஏஜெண்ட், பதிவே இல்லாதவர். "ரசீது எதுக்கு அக்கா, நான் என்ன ஓடியா போயிடுவேன்?" என்பார். ஓடிப்போனவங்க எல்லாரும் அப்படிக் கேட்டவங்கதான்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று இருக்கும். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். இதை நம்ம ஆளுங்க ஒரு தொல்லையாகத்தான் நினைக்கிறார்கள். உண்மையில் அதுதான் அவர்களுக்குக் கவசம். அனுமதி கேட்கும்போது வேலை ஒப்பந்தம் பதிவாகிறது. பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற இன்சூரன்ஸும் கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய்தான். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். பலருக்குத் தெரியாத ஒன்று, வேலை சம்பந்தமான வழக்குச் செலவுக்கு 45,000 ரூபாய் வரை அதிலேயே உண்டு. டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே வேலைக்குச் சேருகிறவருக்கு ஒப்பந்தமும் இல்லை, இன்சூரன்ஸும் இல்லை. பிடிபட்டால் குற்றவாளி அவர்தான், அனுப்பிய ஏஜெண்ட் ஊரில் பைக்கில் சுத்திக்கிட்டு இருப்பார்.

சகோதரிகளே, வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். இ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ள பெண் 30 வயது நிரம்பாமல் அந்த 18 நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக அனுமதி கிடையாது. 2016க்குப் பிறகு அரசு நிறுவனங்கள் மூலமாகத்தான் போக வேண்டும். நம் மாநிலத்தில் 1978 முதல் நடந்துவரும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அப்படி ஒன்று. "அதெல்லாம் வேண்டாம், வயசைக் கூட்டிப் போட்டுக்கலாம்" என்று எவராவது சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். குவைத்தில் 2015ல் வந்த வீட்டுப் பணியாளர் சட்டம் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரம் ஒரு நாள் லீவு, பாஸ்போர்ட்டை முதலாளி வைத்திருக்கக் கூடாது என்கிறது. சட்டம் இருந்தாலும் நான்கு சுவருக்குள் அதை யார் வந்து பார்ப்பார்கள் என்பது நியாயமான கேள்விதான். சரியான வழியில் போன பெண் புகார் செய்தால் ஏற்பதற்கு ஒரு பதிவாவது இருக்கும்.

சம்பளப் பாக்கிக்கு அங்கே என்ன வழி? துபாய், அபுதாபி இருக்கும் அமீரகத்தில் முதலில் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார். சமரசம் பேசுவார்கள். 50,000 திர்ஹம் வரையுள்ள பாக்கிக்கு 2024 முதல் அமைச்சகமே தீர்ப்புச் சொல்லலாம். கோர்ட்டுக்குப் போனாலும் ஒரு லட்சம் திர்ஹம் வரை தொழிலாளிக்குக் கட்டணம் இல்லை. சிங்கப்பூரில் வக்கீலே இல்லாமல் நடக்கும் தீர்ப்பாயம் உண்டு. ஆனால் வேலையை விட்டு ஆறு மாதத்துக்குள் மனு கொடுக்கணும். "ஊருக்கு வந்துட்டுப் பார்த்துக்கலாம்" என்றால் காலம் கடந்துவிடும்.

போனில் அழுகிறாரே என்று "எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடுங்க" என்று நாம் சொல்லிவிடுகிறோம். சவூதி போன்ற இடத்தில் சொல்லாமல் வெளியே போனால் முதலாளி "ஓடிப்போனார்" என்று எழுதிக் கொடுத்துவிடுவார். அங்கே அதை ஹுரூப் என்பார்கள். அது விழுந்துவிட்டால் சம்பளம் கேட்க வேண்டியவர் போலீசுக்குப் பயந்து ஒளிய வேண்டியதாகும். "தூதரகத்துக்குப் போங்க" என்றுதான் சொல்ல வேண்டும். புரியாத அரபிக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

தூதரகத்தில் 2009 முதல் இந்திய சமுதாய நல நிதி இருக்கிறது. தங்க இடம், டிக்கெட், வசதியில்லாதவருக்கு வக்கீல் உதவி, சிறு அபராதம், இறந்தவர் உடலை அனுப்புவது எல்லாம் அதிலிருந்து செய்யலாம். பாஸ்போர்ட் வேலைக்கு நம்மவர்கள் அங்கே கட்டும் கட்டணத்தில் ஒரு பங்குதான் அந்த நிதி. ஆகவே தயங்காமல் கேட்கலாம். கைது ஆனால் "எங்க தூதரகத்துக்குச் சொல்லுங்க" என்று கேட்க 1963ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தில் உரிமை இருக்கிறது. வாய் திறந்து கேட்டால்தான் சொல்வார்கள்.

வியாபாரம் செய்யப் போனவர்கள் நிலை வேறு. சவூதியில் கஃபீல் பெயரில் லைசென்ஸ் எடுத்து, மாதம் ஒரு தொகை கொடுத்து, பக்காலா கடை நடத்துவது நெடுநாள் வழக்கம். பணம் நம்முடையது, பெயர் அவருடையது. கஃபீல் மனசு மாறினால் கடை போச்சு. கோர்ட்டுக்கும் போக முடியாது, ஏனென்றால் அந்த ஏற்பாடே குற்றம். 2020ல் வந்த சட்டப்படி அதற்கு ஐந்து வருஷம் வரை சிறை, 50 லட்சம் ரியால் வரை அபராதம், பிறகு நாடு கடத்தல். நகையை வைத்து அப்படிப்பட்ட கடைக்குப் பணம் அனுப்புவதை எங்களால் ஆதரிக்க முடியவில்லை.

இங்கே செய்ய வேண்டியதும் உண்டு. ஏஜெண்ட் ஏமாற்றினால் போலீசிலும், சென்னை குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் (பி.ஓ.இ. ஆபீஸ் என்பார்கள்) புகார் கொடுக்கலாம். மத்திய அரசின் இலவச எண் 1800 11 3090. அரசின் 'மதத்' இணையதளத்தில் வீட்டில் இருக்கிறவரே புகார் பதியலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100. வீட்டுக்காரர் அங்கிருந்து தூதரகத்தில் எழுதி அனுப்பும் பவர் பத்திரத்துக்கு, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு அப்புறம் தேட வேண்டாம்.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வைக்கிறோம். வெளிநாட்டுச் செலவுக்கு உள்கடன் கேட்கும் மனுவோடு பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், இன்சூரன்ஸ், ஏஜெண்ட் ரசீது இவற்றின் நகல் இணைக்க வேண்டும். ஒரு செட் உறுப்பினர் வீட்டில், ஒரு செட் கூட்டமைப்பு பீரோவில். ஏற்கனவே போனவர்களுக்கும் இது பொருந்தும். இன்று ராத்திரி போன் பேசும்போதே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் முதல் பக்கம், கடைசிப் பக்கம் ரெண்டும் வேணும். கம்பெனி பெயரும் ஊரும் தமிழில் எழுதியும் வாங்கி வாருங்கள்.