தரையின் கணக்கு வேறு

(டிசம்பர் மாதக் குடியிருப்போர் கூட்டத்தில் பேசியது)

செகரட்டரி பத்து நிமிடம் தந்திருக்கிறார். லிஃப்ட் பற்றியோ தண்ணீர் லாரி பற்றியோ பேசப்போவதில்லை, பயப்பட வேண்டாம்.

இந்த மார்கழிக் காலையில் ஒன்றைக் கவனித்தீர்களா? விசிட்டர் பார்க்கிங்கில் வெட்டவெளியில் நிற்கும் கார் நனைந்து கிடக்கிறது. பத்தடி தள்ளி, கட்டடத்துக்கு அடியில் நிற்கும் உங்கள் கார் காய்ந்திருக்கிறது. இரண்டையும் சுற்றியிருப்பது ஒரே காற்றுதான். வெளியே நிற்கும் கார் ராத்திரி முழுக்க வானத்துக்கு வெப்பத்தை விட்டுவிட்டு, காற்றை விடவும் குளிர்ந்துபோகிறது. உள்ளே நிற்பதற்கு மேலே கான்கிரீட் தளம் இருக்கிறது. போகிற வெப்பத்துக்கு ஈடாக அது கொஞ்சம் திருப்பித் தருகிறது.

நான் பி.காம். படித்தவன். எனக்கு எல்லாமே வரவு செலவுதான். பகலில் வெயில் தரைக்கு வரவு. இரவில் வெறும் பற்று. மேகம் இருந்தால் ஒரு பகுதி திரும்ப வரும். காற்று வீசினால் மேலேயுள்ள சூடான காற்று கலந்து ஈடு செய்யும். மேகமும் இல்லை, காற்றும் இல்லை என்றால் மண்ணுக்குள் இருக்கும் பழைய இருப்புதான் கதி.

1989-ல் என்னை ஊட்டிக் கிளைக்கு மாற்றினார்கள். ஒரு ஜனவரிக் காலையில் சிறு தேயிலை விவசாயி ஒருவர் மேனேஜரைப் பார்க்க வந்தார். எங்களிடம் பயிர்க்கடன் வாங்கியவர். தோட்டத்தைப் பார்க்கப் போன ஃபீல்டு ஆபீசரோடு நானும் தொற்றிக்கொண்டேன். சரிவின் மேல்பகுதி பச்சையாக இருந்தது. கீழே பள்ளத்தில் மட்டும் வாணலியில் வறுத்தது போல இலைகள் கருகியிருந்தன. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி வழிந்து பள்ளத்தில் தேங்கும். அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "சார், பேப்பர்ல நாலு டிகிரின்னுதானே போட்டிருந்தான்? நாலுல எப்படி சார் உறையும்?"

பேப்பர் பொய் சொல்லவில்லை. அந்த நாலு டிகிரி, சுமார் நாலடி உயரத்தில் வெள்ளை மரப்பெட்டிக்குள் அளந்த காற்றின் வெப்பநிலை. தெளிவான இரவில் புல்லின் நுனி அதைவிட நாலைந்து டிகிரி கீழே போய்விடும். அவருக்கு வேண்டியிருந்தது தரையின் எண். அதுவும் முதல் நாள் மதியமே தெரிந்தால்தான் பயன்: மண்ணை நனைத்து வைக்கலாம், ஈரமண் வெப்பத்தை அதிகம் பிடித்து வைக்கும், நாற்றுப் பாத்திகளைத் தழை போட்டு மூடலாம். ஸ்பிரிங்ளர் போடுபவர்கள் பனி உருகும்வரை நிறுத்தக் கூடாது. தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடும், அதுதான் செடியைக் காக்கிறது. பாதியில் நிறுத்தினால் ஈரம் ஆவியாகி, போடாமல் இருந்ததை விட மோசம்.

இதே கணக்கை இங்கிலாந்தில் சாலையில் பார்த்தேன். மகள் வீட்டில் இருந்தபோது, காய்ந்த ரோட்டில் சாயங்காலமே லாரி உப்பு தூவிக்கொண்டு போனது. காசுக்குப் பிடித்த கேடு என்று நினைத்தேன். உறைவதற்கு முன் தூவினால்தான் உப்பு ஒழுங்காக வேலை செய்யும் என்று பிறகு தெரிந்தது. தேவையில்லாமல் தூவினால் பணம் வீண், கார்கள் துருப்பிடிக்கும். தூவாமல் விட்டால் விடிகாலையில் கண்ணுக்கே தெரியாத பனிக்கட்டிமேல் வண்டி சறுக்கும். ஆகவே ரோட்டுக்குள்ளேயே சென்சார் பதித்து, இன்றிரவு தார் எத்தனை டிகிரிக்கு இறங்கும் என்று கணிக்கிறார்கள். பாலம்தான் முதலில் உறையுமாம். அடியில் மண் இல்லை. இருப்பு இல்லாத கணக்கு. கனடா அரசின் வானிலைத் துறை இதற்கென்றே 'மெட்ரோ' என்று ஒரு கணினி மாதிரி வைத்திருக்கிறது. ரயில் இல்லை. மேகம், காற்று, ஈரப்பதம், ரோட்டின் பழைய வெப்பநிலை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, நான் சொன்ன அதே வரவு செலவைப் போடுகிறது.

நம் வானிலை மையமும் குளிர்காலத்தில் நீலகிரி, கொடைக்கானல் மலைகளுக்கு உறைபனி எச்சரிக்கை தருகிறது. 'ஓரிரு இடங்களில்' என்று இருக்கும். அந்த ஓரிரு இடம் நம் பள்ளமா, பக்கத்துச் சரிவா என்பதுதான் விவசாயியின் கவலை. என் கணிப்பில், இங்கே இன்னும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

இரண்டு தெர்மாமீட்டர் வாங்கியிருக்கிறேன். மொட்டை மாடித் தோட்டத்தில் ஒன்றைப் புல்மேலும் மற்றொன்றை நாலடி உயரத்தில் நிழல்பெட்டியிலும் வைக்கப் போகிறேன். காலை ஐந்தரைக்கு எழுந்து வரத் தயாராக இருப்பவர்கள் பெயர் கொடுங்கள். மாடிச் சாவி செகரட்டரியிடம்தான் இருக்கிறது, அவரும் எழுந்திருக்க வேண்டும்.