‘த்ருஷ்யம்’ கண்டார் இரு திறத்தார்



ஜீத்து ஜோசப் 2013இல் இயக்கிய ‘த்ருஷ்யம்’ என்னும் மலையாளப் படத்தையும், 2015இல் அவரே தமிழில் எடுத்த ‘பாபநாச’த்தையும் நம்மவர் பலரும் கண்டிருப்பர். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்ட கேபிள் டி.வி.க்காரர் ஒருவர், தாம் பார்த்த திரைப்படங்களின் துணைகொண்டே குடும்பத்தைக் காவல்துறையிடமிருந்து காக்கிறார்.

எளியவன் அதிகாரத்தை அறிவால் வென்றான் என்று போற்றுவோர் ஒரு சாரார். குற்றத்தை மறைக்கக் கற்பிக்கும் படம் என்று தூற்றுவோர் மறு சாரார். பின்னவர் அச்சம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. பேருந்து நிலையக் கடைகளில் விற்ற துப்பறியும் நாவல்கள் கற்பிக்காததையா இப்படம் கற்பித்துவிடப் போகிறது?

என்னை உறுத்துவது வேறு. குளிக்கும் பெண்ணைக் கைப்பேசியில் படம்பிடித்தவன் குற்றவாளி. அஞ்சி நடுங்குவதோ அப்பெண்ணும் அவள் தாயும். ‘மானம் போய்விடும்’ என்னும் அவ்வச்சமே உயிர்ப்பலிக்கு வித்து. படம் அதனை வினவவில்லை, ஏற்றுக்கொண்டு நகர்கிறது.

இறந்தவனின் தாய் காவல்துறை உயரதிகாரி. அவர்தம் ஆணையால் அக்குடும்பம், சிறு பெண் உட்பட, அடிபடுகிறது. ஆகவே நாம் அவரை வெறுக்கிறோம். இறுதியில் அவர் வெறும் தாயாய் வந்து நிற்கிறார். மகனோ புதிய காவல் நிலையத்தின் தரைக்கடியில் கிடக்கிறான். அக்காட்சிக்கு அரங்கம் கைதட்டியது. என் அருகிலிருந்த மூதாட்டி மட்டும், “பெத்தவளுக்கு எலும்பாவது கிடைக்க வேணாமா?” என்றார். திறனாய்வுகள் பல படித்தும் இக்கேள்வியை நான் வேறெங்கும் கண்டிலேன்.

அத்தாயின் நிலையில் நின்று இங்குள்ள கவிஞர் எவரேனும் பாடினால் முதல் வாசகி நானாவேன்.