சைலன்ஸர் பக்கம் தொங்கும் பை

தீபாவளி நெருங்கினால் மும்பை தாராவியில் எங்கள் பைப் பட்டறைக்கு இளைஞர்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். சிலருக்கு ரயிலில் டிக்கெட் கிடைத்திருக்காது. டிக்கெட் கிடைத்தாலும் பைக்கில்தான் ஊருக்குப் போவேன் என்பவர்கள்தான் அதிகம். ஊர் திருநெல்வேலி என்றால், இங்கிருந்து 1,600 கிலோமீட்டருக்கு மேல். மும்பை – புனே எக்ஸ்பிரஸ்வேயில் பைக்கை விடமாட்டார்கள். பழைய சாலையில் கோபோலி, கண்டாலா மலையேறி, புனே, கோலாப்பூர், ஹுப்ளி, பெங்களூர், கிருஷ்ணகிரி, சேலம், மதுரை என்று இறங்க வேண்டும். வண்டி பெரும்பாலும் பஜாஜ் அவெஞ்சராகவோ ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 ஆகவோ இருக்கும். உயரம் குறைந்த சீட், அகலமான ஹேண்டில்பார், காலை முன்னால் நீட்டி உட்காரும் சொகுசு. இந்தச் சின்ன க்ரூஸர்களுக்கு எப்படிப்பட்ட பை வாங்கலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, எத்தனை லிட்டர் பை வாங்கணும்?" நான் திருப்பிக் கேட்பது, "வண்டியை எங்கே நிறுத்தியிருக்கீங்க தம்பி?" லிட்டர் கணக்கைப் பிறகு பார்க்கலாம். முதலில் வண்டியின் பின்பக்கத்தைக் குனிந்து பார்க்க வேண்டும்.

இடது பக்கம் சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்க ஒரு கம்பி வளையம் இருக்கும். நாம் சாரி கார்டு என்கிறோமே, அது. இடப்பக்கப் பையைச் சக்கரத்தில் படாமல் தாங்குவது அதுதான். வலது பக்கம் அப்படி ஒன்றும் கிடையாது. அங்கே இருப்பது சைலன்ஸர். செம்பூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். இணையத்தில் வாங்கிய ஜோடிப் பையைச் சீட்டின் குறுக்கே போட்டுக்கொண்டு லோனாவாலா போய் வந்திருக்கிறார். வலப்பக்கப் பையின் அடிப்பாகம் உருகி, உள்ளே இருந்த துண்டு கருகிப்போயிருந்தது. பையைக் குறை சொல்ல முடியாது. நல்ல நைலான் துணி. காலியாக மாட்டிப் பார்த்தபோது சைலன்ஸருக்கும் பையின் அடிக்கும் நடுவே இடைவெளி இருந்திருக்கிறது. சாமான் ஏறியதும் பை தொங்கிவிட்டது, பின் ஷாக்அப்சார்பரும் இறங்கிவிட்டது. ஆகவே வலப்பக்கத்துக்கு ஒரு இரும்புத் தாங்கி போடாமல் பை மாட்டாதீர்கள். நல்ல வெல்டரிடம் வண்டியைக் காட்டினால் செய்து தருவார். மாட்டிய பிறகு உள்ளே சாமானை வைத்து, பின்னால் ஒருவரை உட்கார வைத்து, அப்புறம் இடைவெளியைப் பாருங்கள். பின் இண்டிகேட்டரும் நம்பர் பிளேட்டும் மறையக்கூடாது. பையின் அகலம் ஹேண்டில்பாரைத் தாண்டக்கூடாது; சயான் சிக்னலில் இரண்டு டாக்ஸிக்கு நடுவே நுழையும்போது நம் கண் அளப்பது ஹேண்டில்பாரைத்தான்.

இனி நான் ஆசையாகப் பேசக்கூடிய விஷயத்துக்கு வருகிறேன். தோல். க்ரூஸர் என்றாலே தோல் பைதான் அழகு என்று எல்லோரும் நினைக்கிறார்கள், நானும் அந்தக் கட்சிதான். தாராவிக்கும் தோலுக்கும் உள்ள உறவு மும்பைத் தமிழர்களான உங்களில் பலருக்குக் குடும்பக் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடுகிறவர்கள் இங்கே வந்து குடியேறினார்கள். தோல் பதனிடும் ஷாப்புகள் பெரும்பாலும் வெளியே போய்விட்டன. வெட்டுவதும் தைப்பதும் இன்னமும் இங்கேதான் நடக்கிறது. சயான் – பாந்த்ரா லிங்க் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குப் பின்னால் சந்துக்குள் நுழைந்து, செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறினால் பட்டறை. 2015-ல் மகாராஷ்டிரத்தில் காளை, எருதுகளை வெட்டவும் தடை வந்ததிலிருந்து எங்கள் மேஜையில் எருமைத்தோல்தான் அதிகம். கனம் கூடுதல், மேல்தோல் சொரசொரப்பு. ஆனால் வண்டிப் பைக்கு அந்த முரட்டுத்தனம் நல்லது.

தோல் அசலா என்று பார்க்க நெருப்புக்குச்சி வேண்டாம். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை நார் நாராக இருந்தால் தோல். ஓரத்தில் துணி இழை எட்டிப் பார்த்தால் ரெக்ஸின். நார் இருந்தும் மேலே பிளாஸ்டிக் ஏடு மாதிரி ஒன்று தனியாகத் தெரிந்தால், அது தோலின் அடிப்பாகத்தைப் பிளந்து எடுத்து மேலே பூச்சு கொடுத்தது. மடிகிற இடத்தில் நாளடைவில் வெடிக்கும்.

அடுத்து தையல். தயவுசெய்து பையைத் திறந்து உள்பக்கம் பாருங்கள், கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். வார் பையோடு சேரும் இடத்தில் சதுரமாக ஒரு தையல், அதற்குள் பெருக்கல் குறி போல ஒன்று இருக்க வேண்டும். ரிவெட் அடித்திருந்தால் உள்ளே ஒரு வாஷர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குலுங்கிக் குலுங்கி ரிவெட் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். நெருக்கமான தையல்தான் பலம் என்று நினைக்கிறோம். துணிக்கு அது சரி. தடித்த தோலில் அங்குலத்துக்கு ஆறு, ஏழு தையல் போதும். அதற்கு மேல் குத்தினால் தபால்தலைத் தாள் மாதிரி அந்த வரிசையிலேயே கிழியும். நூல் நைலான் அல்லது பாலியெஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் மும்பை மழையில் இற்றுப்போகும்.

எங்கள் பட்டறையில் ஒரு பெரியவர் வார்களை மட்டும் கையால் தைப்பார். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி. ஒரே துளையில் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போய் வரும். மெஷின் தையலில் ஒரு கண்ணி அறுந்தால் மெல்ல மெல்லப் பிரிந்துகொண்டே போகும். இவர் தைத்ததில் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கத்து நூல் பிடித்துக்கொள்ளும். ஜோடிப் பையின் முழு எடையும் சீட்டுக்குக் குறுக்கே போகும் இரண்டு வார்களில்தான் தொங்குகிறது, நேயர்களே. அந்த இரண்டு வாருக்காவது கைத்தையல் கேட்டு வாங்குங்கள். கூலி கொஞ்சம் கூடும், கொடுக்கலாம்.

பக்கிள் பித்தளையாக இருப்பது நல்லது. ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதப்படுத்திய தோலில் இரும்பு பக்கிள் நனைந்தால் சுற்றிலும் கருநீலக் கறை பிடிக்கும். பட்டையிலுள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்கிற வேலை அது, கழுவினாலும் போகாது.

தோலுக்கு எதிரி மழை. இங்கே தென்மேற்குப் பருவமழை முடிந்ததென்று கிளம்புவோம். தீபாவளி சமயத்தில் ஊரில் வடகிழக்குப் பருவமழை காத்திருக்கும். அதனால் தோல் பைக்குள் தனியாக ஒரு நீர்புகாப் பை வையுங்கள். அது தைத்ததாக இருக்கக்கூடாது, ஊசித் துளை வழியாகத் தண்ணீர் இறங்கும். சூட்டில் ஒட்டி, வாயைச் சுருட்டி மூடுகிற வகை வேண்டும். நனைந்த தோலை வெயிலில் போடாதீர்கள். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நிழலில் ஃபேன் காற்றில் உலர்த்துங்கள். ஈரத்தோடு அலமாரியில் பூட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.

நேரம் ஓடிவிட்டது, மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாட்டுங்காவிலிருந்து ஒரு அக்கா மீட்டியாரில் அலுவலகம் போகிறார். லேப்டாப்புக்கு ஜோடிப் பை கேட்டார். வேண்டாம் என்றேன். தினசரி ஓட்டத்துக்கு இடது பக்கம் ஒற்றைப் பை, சட்டென்று கழற்றி தோளில் மாட்டிக்கொள்கிற மாதிரி, போதும். தனியாக நெடுந்தூரம் போகிறவர்களுக்குப் பின் சீட்டில் முதுகுத் தாங்கியில் சாய்த்துக் கட்டும் நைலான் பை மிக வசதி. கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிற்றை நம்ப வேண்டாம். பட்டை வாரால் கட்டி, மிச்ச நுனியைச் சக்கரத்தில் சிக்காமல் மடித்துச் செருகுங்கள். டேங்க் பை சின்னதாக இருக்கட்டும். ஹேண்டிலை முழுக்கத் திருப்பும்போது ஹார்ன் பட்டனில் இடிக்கக்கூடாது. எடை, பக்கத்துக்கு ஐந்து கிலோவைத் தாண்ட வேண்டாம். கனமான ஸ்பானர், பூட்டு எல்லாம் அடியில், முன்பக்கமாக. பின் டயரின் காற்றையும் ஷாக்அப்சார்பரையும் வண்டியோடு வந்த கையேட்டில் சொன்னபடி கூட்டிக்கொள்ளுங்கள். போகும்போது பையில் கொஞ்சம் இடம் காலியாக விடுங்கள். திரும்பும்போது அம்மா கொடுத்தனுப்பும் அல்வாவும் முறுக்கும் இருக்கின்றன. அல்வாவை எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள், நெய் கசிந்தால் தோலில் கறை நிற்கும்.

ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும். பை தைக்கக் கொடுப்பதாக இருந்தால் கடைசி வாரத்தில் வராதீர்கள். அப்போது அவசர வேலைதான் நடக்கும், கைத்தையலுக்கு நேரம் இருக்காது. இந்த வாரமே வாருங்கள், ஃபோனில் படத்தைக் காட்டாமல் வண்டியையே ஓட்டிக்கொண்டு வாருங்கள்.