கார் ஜிபிஎஸ் பெட்டியும் அதன் கம்ப்யூட்டர் துணையும்

இன்னைக்கு எபிசோட்ல பேசப்போறது கிட்டத்தட்ட எல்லாரும் மறந்துபோன ஒரு சாஃப்ட்வேர் வகையைப் பற்றி. கார் கண்ணாடியில ஒட்டிவைக்கிற ஜிபிஎஸ் பெட்டி இருக்கு இல்லையா, அதுக்காகக் கம்ப்யூட்டர்ல போட்டுவைக்கிற சாஃப்ட்வேர்.

நம்ம ஊர்ல நிறைய பேர் அந்தப் பெட்டியைத் தொடாமலே நேரா போன் மேப்புக்கு வந்துட்டோம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கதை வேற. 2004-ல ஆம்ஸ்டர்டாம் கம்பெனியான டாம்டாம் தன்னோட ‘கோ’ கருவியைக் கொண்டுவந்தது. அந்தப் பக்கம் அமெரிக்காவோட கார்மின். 2009 அக்டோபர்ல கூகுள், போன்லயே இலவசமா வழி சொல்லும்னு அறிவிக்கிற வரைக்கும் இந்தப் பெட்டிகள்தான் ராஜா.

ஆனா பெரும்பாலான பெட்டிகளுக்குள்ள இன்டர்நெட் கிடையாது. இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சாட்டிலைட் சிக்னலைக் கேட்கும், உள்ளே இருக்கிற வரைபடத்துல உங்க காரை ஒரு புள்ளியா வைக்கும். அவ்வளவுதான். புதுசா ஒரு பாலம் கட்டினா அதுக்குத் தெரியாது, யாராவது சொல்லணும். சொல்ற ஆள்தான் ‘டாம்டாம் ஹோம்’, ‘கார்மின் எக்ஸ்பிரஸ்’ மாதிரி சாஃப்ட்வேர்கள். லீவு நாள்ல பெட்டியைக் கழட்டி வீட்டுக்குள்ள கொண்டுவந்து, யூஎஸ்பி கேபிளைச் செருகி, ஜிபி கணக்குல மேப் இறங்குற வரைக்கும் காத்திருக்கணும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் மேப் இல்லை. ஜிபிஎஸ் சாட்டிலைட் தன்னோட தகவலை நொடிக்கு 50 பிட் வேகத்துலதான் அனுப்பும். ஆமா, 50 பிட்! ‘நான் இப்போ எந்தப் பாதையில சுத்திட்டு இருக்கேன்’ங்கிற விவரத்தை 30 நொடிக்கு ஒரு தடவை திரும்பத் திரும்பச் சொல்லும். நடுவுல ஒரு உயரமான கட்டடம் மறைச்சா, மறுபடி முதல்ல இருந்து கேட்கணும். அதனாலதான் பழைய பெட்டிகள் காலைல எழுந்ததும் ‘எங்கே இருக்கேன்’னு முழிச்சுட்டு நிக்கும். இதுக்கு டாம்டாம் ஹோம்ல ஒரு வழி இருந்தது. அடுத்த 7 நாளைக்குச் சாட்டிலைட்கள் எங்கெங்கே இருக்கும்னு முன்கூட்டியே கணக்குப் போட்ட ஒரு சின்ன ஃபைலைப் பெட்டிக்குள்ள ஏத்திவிடும். வாரம் ஒரு தடவை சொருகினா பெட்டி சட்டுனு கண்ணைத் திறக்கும். இதே மாதிரி உதவியைத்தான் இன்னைக்கு உங்க போன் கேட்காமலே இன்டர்நெட்ல வாங்கிக்குது.

அதே கேபிள்ல வேற சாமானும் ஏறும். ஹோமர் சிம்ப்சன் குரல்ல வழி சொல்ல வைக்கலாம். அப்புறம் ஸ்பீடு கேமரா பட்டியல். எந்த ரோட்டுல போலீஸ் கேமரா இருக்குன்னு முன்னாடியே எச்சரிக்கும். அதுக்குக் காசு கட்டினவங்க நிறைய.

இப்போதான் விஷயத்துக்கு வர்றேன். கேபிளுக்கு ரெண்டு திசை உண்டு. 2007-ல டாம்டாம் ‘மேப் ஷேர்’னு ஒண்ணு கொண்டுவந்தது. ஒரு தெரு ஒருவழிப்பாதை ஆகிட்டா நீங்களே திருத்தலாம், கேபிளைச் செருகும்போது அந்தத் திருத்தம் மேலே போகும், மத்தவங்களுக்கும் கிடைக்கும். நல்ல விஷயம். கூடவே, சம்மதம் சொன்னவங்களோட பயணப் பதிவுகளும் பேர் இல்லாம மேலே போச்சு. எந்த ரோட்டுல எந்த நேரத்துல வண்டி எவ்வளவு வேகமா ஓடுதுன்னு அதுல தெரியும்.

2011 ஏப்ரல்ல நெதர்லாந்துப் பத்திரிகை ஒண்ணு ஒரு செய்தி போட்டது. அரசாங்கம் டாம்டாம்கிட்ட வாங்கின வேகத் தரவை வெச்சுத்தான், ஸ்பீடு கேமராவை எங்கே நிறுத்தலாம்னு போலீஸ் முடிவு பண்ணுதுன்னு. பாருங்க, கேமராவுல இருந்து தப்பிக்க வாங்கின பெட்டி, கேமரா வைக்க இடம் காட்டிக் கொடுத்திருக்கு! கம்பெனித் தலைவர் ஹரோல்ட் கோடைன் மன்னிப்புக் கேட்டார். நெரிசலைக் குறைக்கத்தான் கொடுத்தோம், இந்தப் பயன்பாட்டை இனி ஒப்பந்தத்துலயே தடுப்போம்னார். அந்த நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அமைப்பும் விசாரிச்சது. வெளியே போனது தொகுத்த தரவுதான், ஆனா ஆட்கள்கிட்ட போதுமான அளவு விளக்கிச் சம்மதம் வாங்கலைன்னு சொன்னது.

‘பேர் இல்லையே, அப்புறம் என்ன பிரச்சினை’ன்னு இன்னைக்கும் கேட்கிறாங்க. எனக்கு அது பாதிப் பதிலாத்தான் படுது. தனி ஒருத்தரையும் யாரும் பிடிக்கலை, சரி. ஆனா அந்த ரோட்டுல போற மொத்தப் பேருக்கும் சேர்த்து ஒரு முடிவு எடுத்தாச்சு. அதுக்கான தகவலைக் கொடுத்தது அவங்களேதான், அதுவும் மேப் அப்டேட் பண்றோம்னு நினைச்சுக்கிட்டு.

இன்னொண்ணு ‘லைஃப்டைம் மேப்’. பெட்டி மேல கொட்டை எழுத்துல இருக்கும். வாழ்நாள்னா யாரோட வாழ்நாள்? உங்களோடது இல்லை, கருவியோட ‘பயனுள்ள வாழ்நாள்’. 2018 ஜனவரில டாம்டாம், சில பழைய கருவிகளுக்குப் புது மேப்பைத் தாங்குற சக்தி இல்லைன்னு அப்டேட்டை நிறுத்துறதா அறிவிச்சது. லைஃப்டைம்னு வாங்கினவங்க கொதிச்சுட்டாங்க. கார்மின் விதியில இன்னும் சுவாரஸ்யம்: 24 மாசம் எதுவும் டவுன்லோட் பண்ணலைன்னா, கருவியோட வாழ்நாள் முடிஞ்சதாவே எடுத்துக்கலாம்னு எழுதியிருந்தாங்க. ரெண்டு வருஷம் கேபிளைத் தொடலைன்னா பெட்டி செத்துப்போச்சு, கணக்குப்படி.

இது பழைய கதை இல்லை. இன்னைக்கு நிறைய புது கார்ல டேஷ்போர்டுக்குள்ளயே மேப் வருது. கேபிள் போய் சிம் வந்திருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். வாங்குறதுக்கு முன்னாடி ஷோரூம்ல ரெண்டு கேள்வி கேளுங்க. மேப் அப்டேட் எத்தனை வருஷம், எழுத்துல இருக்கா? நான் போற வர்ற பதிவு எங்கே போகுது, அதை எங்கே நிறுத்தறது? அப்புறம் பழைய பெட்டியோ காரோ விக்கிறீங்கன்னா, முதல்ல ரீசெட் பண்ணிடுங்க. ‘வீடு’ன்னு போட்டுவெச்ச முகவரி இன்னும் உள்ளேதான் இருக்கும்.

அடுத்த வாரம் பேசலாம்.