கட்டுச்சோறு: கூடிச் சமைப்போம், நலமாய்த் திரும்புவோம்



குலதெய்வம் கோயிலுக்குச் சொந்தபந்தம் எல்லாம் சேர்ந்து வேன் பிடித்துப் போகிறோம். கட்டுச்சோறு இல்லாமல் அந்தப் பயணம் உண்டா? ஆனால் சந்தோஷமாகப் போனவர்கள் வாந்தியும் பேதியுமாகத் திரும்புவதும் உண்டுங்க. எங்கள் சொந்தத்திலேயே நடந்தது. விடியக்காலை அவசரம் என்று ராத்திரியே சோறு வடித்து, சுடச்சுடத் தூக்கில் அமுக்கி மூடிவிட்டார்கள். மறுநாள் மதியம் அதைச் சாப்பிட்ட பிள்ளைகள் பொழுது சாய்வதற்குள் துவண்டு போனார்கள்.

காரணம் என்ன? அரிசியில் உள்ள ஒருவகைக் கிருமியின் வித்து, உலையில் வெந்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக மூடிக் கிடந்தால் கிருமி பெருகி விஷத்தைக் கக்கும். மறுபடி சூடு செய்தாலும் அந்த விஷம் போகாது. முகர்ந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

புளியோதரைதான் பயணத்துக்கு ஏற்ற சோறு. புளிப்பு கிருமியை அடக்கும். 20 பேருக்கு அரிசி இரண்டரை கிலோ, புளி 400 கிராம், நல்லெண்ணெய் அரை லிட்டர், வேர்க்கடலை அரை கிலோ வேண்டும். மிளகாய் வற்றல், கடலைப் பருப்பு, கடுகு, வெந்தயம், பெருங்காயம், மஞ்சள், உப்பு உங்கள் கைப்பக்குவம். புளிக்காய்ச்சலை முதல்நாளே எண்ணெய் பிரியக் காய்ச்சி வைக்கலாம். சோற்றை மட்டும் புறப்படும் அன்று விடியற்காலையில்தான் வடிக்க வேண்டும். உதிரியாக வடித்து, அகலத் தாம்பாளங்களில் மெல்லிசாகப் பரப்பி, நன்றாக ஆறவிட்டு, பிறகு கரண்டியால் கலந்து கட்டுங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டாம், சீக்கிரம் கெட்டுவிடும். வாழைப்பழம் கொண்டு போகலாம்.

வேர்க்கடலை உடம்புக்குப் புரதம் தரும். ஆனால் சின்னக் குழந்தைக்கு முழுக் கடலை தொண்டையில் சிக்கும். பொடித்துக் கொடுங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீரும் கை கழுவ ஒரு சோப்பும் மறக்காதீர்கள். மதியத்துக்கு மிஞ்சிய சோற்றை ராத்திரிக்கு வைக்க வேண்டாம்.

"மூணு மணிக்கு எழுந்து இத்தனையும் நான் ஒருத்தியே செய்யணுமா?" என்று தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஐயாமார்களே, அடுப்பு மூட்டுவதும், கடலை தோல் நீக்குவதும், சோறு பரப்புவதும் ஆம்பிளைக்கு ஆகாத வேலையா? எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அடியில் ஒட்டினதைத் தின்கிறாளே உங்கள் மனைவி, அவள் வயிற்றில் பிள்ளை இருந்தால் அது இரண்டு பேர் பட்டினி. கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் முதல் பந்தியில் இலை போடுங்கள்.

இத்தனை கவனத்தையும் மீறி யாருக்காவது பேதியானால், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குழந்தை சோர்ந்து கண் குழி விழுந்தாலோ, குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

புருஷனும் பெண்டாட்டியும் கூடிச் சமைத்தால் வேலையும் பாதி, களைப்பும் பாதி.