கானகத்தில் மூன்று நாள்



'சஃபாரி' என்னும் சொல் இன்று எல்லோர் வாயிலும் வழங்குகிறது. பயணம் என்று பொருள்படும் அரபுச் சொல் கிழக்காப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியிற் புகுந்து, அங்கிருந்து உலகெங்கும் பரவிற்று. அச்சொல்லைக் கேட்டவுடன் தென்னாப்பிரிக்காவில் 1926-இல் அமைந்த க்ரூகர் தேசியப் பூங்காவும், அதன் அகன்ற புல்வெளியும், மேற்கூரை இல்லாத வண்டியும், மாலையில் கூடாரத்தின் முன் எரியும் நெருப்பும் உங்கள் மனக்கண்ணில் எழக்கூடும். அவ்வளவு தொலைவு செல்வதற்குப் பொருள் வேண்டும். ஆரணியிலே குழித்தறியில் அமர்ந்து பட்டு நெய்யும் தந்தையிடம் அதற்குப் பணம் கேட்க எந்த மாணவனுக்கு மனம் வரும்? ஆனால் அதனை ஒத்த அனுபவம் நமக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கிறது. பரம்பிக்குளத்தைத்தான் சொல்கிறேன்.

பரம்பிக்குளம் கேரள மாநிலத்தைச் சேர்ந்தது. 2010-இல் புலிகள் காப்பகமாயிற்று. எனினும் தரைவழியே அங்குச் செல்வோர் தமிழ்நாட்டின் வழியாகவே செல்லவேண்டும். பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை, அங்கிருந்து டாப்சிலிப், அதனைக் கடந்தால் ஆனைப்பாடி. வெள்ளையர் காலத்தில் மலையுச்சியிலிருந்து தேக்கு மரங்களைச் சரிவில் உருட்டிவிட்டமையால் டாப்சிலிப் என்னும் பெயர் ஏற்பட்டது. பரம்பிக்குளத்து மரங்களைச் சாலக்குடிக்கு ஏற்றிச் செல்வதற்கென்றே 1907 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு சிறு இருப்புப்பாதை இயங்கியது என்றால், எத்துணை மரங்கள் வீழ்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வெட்டுண்ட காட்டை மீண்டும் வளர்க்கப் பாடுபட்ட ஹியூகோ உட் என்னும் வன அதிகாரி 1933-இல் காலமானார். அவருடைய கல்லறை டாப்சிலிப்பில், தேக்கு மரங்களின் நடுவே இருக்கிறது.

நான் பணியிலிருந்த இறுதி ஆண்டுகளில் ஒருமுறை இருபத்திரண்டு மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றேன். காட்பாடியில் இரயிலேறிக் கோவையில் இறங்கி, பொள்ளாச்சி வழியே நண்பகலுக்குள் சேத்துமடையை அடைந்தோம். மாலையில் வாயில் அடைக்கப்படும். காலந் தாழ்த்திச் செல்வோர் திரும்ப வேண்டியதுதான். ஞெகிழிப் பைகளை வாங்கி வைத்துக்கொண்டனர். கைப்பேசியில் அலைவரிசை நின்றுபோயிற்று. மாணவர் சிலருக்கு அதுவே முதல் துன்பம்!

ஆனைப்பாடியில் எங்களோடு ஒரு வழிகாட்டி சேர்ந்தார். வழிகாட்டியின்றி அங்கே யாரும் செல்லவியலாது. காடர், மலசர், முதுவர் முதலான பழங்குடியினரே பெரும்பாலும் இப்பணியைச் செய்கின்றனர். எங்கள் வழிகாட்டிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். இது வெறுஞ் சடங்கு என்று கருதிவிட வேண்டா. தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11-ஆம் நாள் மலையேறச் சென்றோர் காட்டுத்தீயிற் சிக்கி, இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை நீங்கள் அறிவீர்கள். காற்று எப்பக்கம் திரும்பும், புல் எப்போது பற்றும், எவ்வழியே இறங்கித் தப்பலாம் என்பவை அக்காட்டில் வளர்ந்தவருக்கே தெரியும்.

தங்கியது கூடாரங்களில். வசதியை எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாறுவர், உணவு எளியது. இரவில் தனியே வெளியே வரலாகாது. மழை பெய்திருந்தால் அட்டை கடிக்கும். அதனால் வலி இராது; ஆயினும் அதன் உமிழ்நீரில் குருதியை உறையவிடாத பொருள் இருப்பதால், அட்டை விழுந்த பின்னரும் சிறிது நேரம் இரத்தம் கசியும். என் மாணவன் ஒருவன் காலுறையில் இரத்தத்தைக் கண்டு மயங்கியே விழுந்துவிட்டான். அவன் பெயரைச் சொல்லமாட்டேன். இப்போது அவன் மருத்துவம் பயில்கிறான்.

ஆப்பிரிக்கப் புல்வெளியிலே விலங்கைத் தொலைவிலிருந்தே கண்ணாற் காணலாம். நம் காட்டிலோ முதலிற் காதாற் கேட்கவேண்டும். கடமான் 'டங்' என்று ஒலித்தாலும், மரத்தின்மேல் மந்தி விடாது கத்தினாலும் அருகே புலியோ சிறுத்தையோ நடமாடுகிறது என்பது பொருள். மாட்டினத்தைச் சேர்ந்த காட்டியைக் கூட்டமாகக் கண்டோம். இதனைக் காட்டெருமை என்று எழுதுவோர் பலர்; அது எருமையன்று. கன்னிமரா தேக்கையும் கண்டோம். ஏறத்தாழ நாற்பது மீட்டர் உயரமும் ஏழு மீட்டர் சுற்றளவும் உடைய அம்மரத்தை ஐந்து மாணவர் கைகோத்து அணைத்து அளந்தனர்.

இரண்டாம் நாட் காலையில் நடைப்பயணம். நான் வழக்கம்போல உரத்த குரலில், ஆப்பிரிக்க யானையில் ஆண் பெண் இரண்டிற்கும் தந்தம் உண்டு, நம் நாட்டு யானையில் ஆணுக்கே உண்டு, தந்தமில்லாத ஆணுக்கு மக்னா என்று பெயர் என்று விளக்கிக்கொண்டு நடந்தேன். வழிகாட்டி திரும்பி, "ஐயா, பேசாம வாங்க" என்றார். முப்பத்தைந்து ஆண்டுகள் பிறரைப் பேசாதிருக்கச் சொன்னவன் நான். மாணவர் எதிரில் முகம் சுருங்கிவிட்டது; அதை மறைக்காமற் சொல்கிறேன். மறுமொழி கூற வாயெடுத்தபோது, கடைசியில் வந்த நெசவாளர் மகன் ஒருவன் என் சட்டையைப் பிடித்திழுத்து, உண்ணிச்செடிப் புதரைச் சுட்டினான். எனக்கு இலைகளே தெரிந்தன. அவனுக்கோ இலைகளின் நடுவே அசையும் ஒரு காது தெரிந்தது! பாவில் ஓரிழை அறுந்தாலும் கண்டுகொள்ளும் வீட்டுப் பிள்ளை அல்லவா?

வழிகாட்டி குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விழவிட்டுப் பார்த்தார். காற்று யானையிடமிருந்து எங்கள் பக்கம் வீசிற்று. யானைக்குக் கண்பார்வை மந்தம், மோப்பம் மிகக் கூர்மை. எங்கள் வாடை அதற்கு எட்டவில்லை. எட்டிய ஒன்று இருந்தால், அது என் குரலாகத்தான் இருக்கவேண்டும். அதன் கால்களிடையே குட்டி ஒன்றும் நின்றது. அவர் கையசைத்தார்; ஒருவரும் ஓடாமல், முதுகைக் காட்டாமல், அடிமேல் அடிவைத்துப் பின்வாங்கினோம். நூறு கெசம் வந்திருப்போம். அதற்கு என் வாழ்நாளில் பாதி கழிந்ததுபோல் இருந்தது.

அன்றைய நடை அத்துடன் முடிந்தது. புலியைக் காணவில்லை என்று சிலர் முகந்தூக்கிக்கொண்டனர். பகலுணவுக்குப் பின் வழிகாட்டியிடம் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் வெட்கத்துடன் சிரித்து, மாலையில் இருவாச்சிப் பறவை வந்தமரும் மரத்தை எனக்கு மட்டும் தனியே அழைத்துச் சென்று காட்டினார்.

ஊர் திரும்பிய வாரம் அந்த நெசவாளர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். யானை கறுப்பன்று, பூசிக்கொண்ட செம்மண்ணின் நிறமாக இருந்தது என்று பையன் சொல்லியிருக்கிறான். தந்தையார் தறியை நிறுத்திவிட்டு, சாயமேற்றிய பட்டு நூற்கண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, "இதுவா? இதுவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பையன் எல்லாவற்றிற்கும் இல்லையென்றே தலையசைத்தான்.